கழுத்து நரம்புக்கு நாலு சல்லடை

போடியில் எங்கள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்குச் செங்கல் சுமந்தவன் நான். அதன் கதவுக்கு ஈயத்தகடு அடித்தவன் நான். பழைய விறகு அறையை ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாமல் அடைத்து, பிலிம் கழுவும் இருட்டறையாக மாற்றியவன் நான். எஸ்டேட்காரர் ஒருவர் துருப்பிடித்துப்போனது என்று தூக்கிப்போட்ட ஜெனரேட்டரைக் கழற்றி மாட்டி ஓடவிட்டேன். சித்திரை வெயிலில் கழுவும் மருந்து சூடேறிப் படமெல்லாம் கரிக்கட்டையாக வந்தபோது, சோடா கம்பெனியில் ஐஸ்கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிவந்து தொட்டிக்கு அடியில் வைத்தேன். கழுத்தைச் சாய்த்துப் படமெடுக்க, உடைந்த ஜீப்பின் பின்சீட்டுப் பலகையை அறுத்து ஒரு சாய்வுப் பலகை செய்தேன். அந்தப் படத்தைப் பார்த்து, கழுத்திலிருந்து நரம்பு வெளியேறும் துவாரம் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று நாலு தரமாகப் பிரித்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருசம் பாதி நாள் ஏலக்காய்க் குடோனில்தான் இருந்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது ஒரு மேடைப் பேச்சு. நான் வேலைபார்த்த அதே ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மிஷின் வந்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்தார்கள், நானும் போனேன். மதுரையிலிருந்து வந்திருந்த ஒருவர் மைக்கைப் பிடித்து, "இந்த ஊர் மக்கள் இதுவரைக்கும் கழுத்து வலின்னா தைலம் தேய்ச்சதைத் தவிர வேற எதையும் பார்த்ததில்லை" என்றார். கூட்டம் கை தட்டியது. என் கை மடியிலேயே இருந்தது.

விழா முடிந்ததும், மிஷின் ஓட்டும் பெண் என்னைத் தேடி வந்தாள். தேவாரம் ஊர்ப் பிள்ளை, படித்த பிள்ளை, ஆனாலும் மரியாதை தெரிந்தவள். "ஐயா, நீங்கதான் இங்க மொதல்ல எக்ஸ்ரே பார்த்தவுகளாமே, வந்து பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போய்த் திரையில் ஒரு கழுத்தைக் காட்டினாள். நரம்பு வெளியேறும் வழி, அதில் நரம்பு, நரம்பைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு. அந்த வெள்ளை கெடாமல் இருந்தால் பூஜ்யம், கொஞ்சம் மறைந்தால் ஒன்று, பெரும்பகுதி மறைந்தால் இரண்டு, நரம்பே நசுங்கிவிட்டால் மூன்று என்று எண்ணிக் காட்டினாள்.

"இப்படித் தரம் பிரிக்கிறது இப்ப வந்த முறைங்கய்யா" என்றாள்.

"இல்ல தாயி, இது பழைய முறை. இந்தக் கட்டடத்துல, இதே இடத்துல, நான் பிரிச்சேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். கிண்டலாகச் சிரிக்கவில்லை, நம்பாமல் சிரித்தாள். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. நம்பாதது அவள் குற்றமில்லை. அவளுக்கு யார் சொன்னார்கள்? அதனால் நானே சொல்கிறேன்.

நான் எக்ஸ்ரேக்கு வந்தது ஜெனரேட்டர் வழியாக. ஏலக்காய்க் குடோன், பிறகு ஜீப்பு மெக்கானிக் கடை, பிறகு ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பழைய மிஷின் ஒன்றை வாங்கிவைத்துவிட்டு, அதை ஓட்ட ஆள் கிடைக்காமல் பெரிய டாக்டர் தவித்தபோது, "நான் ஓட்றேன் சார்" என்றேன். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே சில மாதம் பின்னால் நின்று பார்த்தேன், பிலிம் கழுவினேன், திட்டு வாங்கினேன், திரும்பி வந்தேன். படிப்பு அவ்வளவுதான். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் சர்ட்டிபிகேட் கேட்க யாரும் இல்லை. படம் தெளிவாக வருகிறதா என்றுதான் கேட்டார்கள். வந்தது.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருடைய மகன் சின்ன டாக்டர்தான் இன்றைக்கு ஸ்கேன் வைத்திருப்பவர். பெரிய டாக்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளி வாசலில் நுழைந்து நாற்காலிக்கு வந்து உட்காரும்வரை ஒன்றும் பேசமாட்டார், நடையைப் பார்ப்பார். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். "நேராப் பார்த்தா நமக்குத் தெரிஞ்சதுதான்யா தெரியும்" என்பார். பிறகு நேராக்குவார். படம் சரியில்லை என்றால் திட்டமாட்டார். பிலிமின் ஓரத்தை லேசாக மடக்கித் திருப்பிக் கொடுப்பார். அந்த மடிப்பைப் பார்த்தாலே மறுபடி படமெடுக்கத் திரும்பிவிடுவேன். படம் நன்றாக இருந்தால் "ம்" என்பார். இவ்வளவு வருசத்தில் அந்த "ம்"முக்கு மேல் ஒரு எழுத்து கூடியதில்லை. கெட்டிக்காரர். நான் இல்லையென்று சொல்லவில்லை.

சுருளி என்ற சுமைக்காரன் வந்தது எழுபதுகளின் கடைசியில், மலையில் ஏலக்காய் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். போடிமெட்டுக்கு மேலே ராவுத்தர் ஒருவருக்கு எஸ்டேட்டும் காய் உலர்த்தும் ஸ்டோரும் இருந்தன. பச்சைக்காயை உலர்த்த அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். அந்த அடுப்புக்குக் காட்டிலிருந்து விறகு சுமக்கும் ஆள் சுருளி. சும்மாடு வைத்துத் தலையில் கட்டை ஏற்றினால், மற்றவன் இரண்டு நடையில் கொண்டுவருவதை ஒரே நடையில் கொண்டுவந்து போட்டுவிடுவானாம். அவனுக்கு வலது கை மரத்துப்போனது. அடுப்பில் கட்டையைத் தள்ளும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெந்து கொப்பளித்திருக்கின்றன, அவனுக்குத் தெரியவில்லை. ஆவி பறக்கும் சோற்றில் கையை விட்டுப் பிசைந்து, முகம் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறான். அதைப் பார்த்த அவன் பெண்டாட்டி பேச்சி பயந்துபோய்ப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீடு, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயம் பூராவும் சொல்லிவிட்டது. குஷ்டம் என்று பேராகிவிட்டது.

அதற்கப்புறம் அவன் தொட்ட குடத்தில் யாரும் தண்ணீர் மோக்கவில்லை. அவன் லயத்தில் இருந்தால் நாங்கள் வேலைக்கு இறங்கமாட்டோம் என்று மற்றவர்கள் நின்றார்கள். தேவாரத்திலிருந்து பேச்சியின் அண்ணன் வந்து, தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிப்போவதற்குத் துணிமூட்டை கட்டிவிட்டான். குஷ்டமாகவே இருந்தாலும் ஒருவனைத் துரத்த இவர்கள் யார்? அதற்கும் அன்றைக்கு மாத்திரை இருந்தது. இதைச் சொன்னால் கேட்க ஆளில்லை. ராவுத்தருக்கு அவனை அனுப்ப மனசில்லை. ஜீப்பில் சுருளியையும் பேச்சியையும் அந்த அண்ணனையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரியில் வந்து இறங்கினார்.

"டாக்டரய்யா, ஒத்த வார்த்தை சொல்லுங்க. அதுவா, இல்லையா? அதுதான்னா நான் மேல போயி ஒரு முடிவு சொல்லணும். இல்லைன்னா அதையும் எல்லாருக்கும் வெளங்குற மாதிரி நீங்கதான் சொல்லணும்" என்றார்.

சுருளி வாசலில் நுழையும்போதே வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்திருந்தான். நம் ஊரில் தலையில் கை வைத்து நின்றால் என்ன அர்த்தம்? வீட்டில் இழவு விழுந்தது என்று அர்த்தம், குடி முழுகியது என்று அர்த்தம். பேச்சியின் அண்ணன் பொறுக்கமாட்டாமல் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"மாப்ளே, எத்தனை வாட்டி சொல்றது? பொண்டாட்டி பிள்ளை உசுரோட இருக்கையில தலையில கைய வைக்காதய்யா. இப்படி வச்சு வச்சுத்தான் குடும்பத்துக்கு இந்தக் கதி."

சுருளி கையைத் தொங்கப் போட்டான். கொஞ்ச நேரத்தில் முகம் கோணியது. கை தானாக மறுபடி தலைக்குப் போனது. அண்ணன் மறுபடி தட்டினான்.

பெரிய டாக்டர் எழுந்துவிட்டார். "அவன் கையைத் தொடாத" என்றார். பிறகு சுருளியிடம், "நீ ஏன்யா கையை மேல வைக்கிற?"

"வச்சா நோவு கொறையுது சாமி. கீழ விட்டா தோள்ல இருந்து வெரல் வரைக்கும் இழுக்குது. தூங்கறதும் இப்படித்தான். இவுக வெய்யிறாகன்னு எடுத்தா உசுரு போகுது."

வீட்டில் ஊரில் எல்லோரும் சேர்ந்து, அவனுக்குச் சுகம் கொடுத்த ஒரே காரியத்தைத்தான் தட்டித் தட்டி விட்டிருக்கிறார்கள். கையைத் தூக்கினால் நரம்பின் இழுப்பு தளர்கிறது, வலி குறைகிறது. டாக்டர் அவன் உடம்பில் குஷ்டத்துக்கு அடையாளமான தேமல் தேடினார், இல்லை. முழங்கையின் பின்னால் விரலை விட்டு நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்தார், இல்லை. பிறகு அவன் தலையை வலது பக்கம் சாய்த்து, உச்சியில் கையை வைத்து மெல்ல அமுக்கினார். "ஆத்தா!" என்று கத்திவிட்டான். கரண்டு அடித்த மாதிரி கட்டைவிரல் வரை பாய்ந்தது என்றான்.

"கழுத்து" என்றார் டாக்டர். "அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல. வீரணா, படம் எடு."

இதுவரை எல்லாம் அவருடைய வேலை. அதில் நான் பங்கு கேட்கவில்லை. இனி வருவது என்னுடையது.

கழுத்து எலும்பில் நரம்பு வெளியேறும் துவாரங்கள் சன்னல் மாதிரி. அந்தச் சன்னல்கள் நேர் முன்னாலும் பார்ப்பதில்லை, பக்கவாட்டிலும் பார்ப்பதில்லை, மூலைவாட்டில் பார்க்கின்றன. ஆளை நேராக வைத்து எடுத்தாலும் பக்கவாட்டில் எடுத்தாலும் அவை தெரியா. உடம்பைப் பாதியாகத் திருப்பிச் சாய்க்க வேண்டும். வலப்பக்கத்துச் சன்னல் திறக்க இடது தோளைப் பிலிம் பக்கம் கொடுக்க வேண்டும். மிஷினின் எக்ஸ்ரே குழாயும் கொஞ்சம் கீழே நின்று மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். மதுரையில் இதைத் தூரத்தில் நின்று பார்த்திருந்தேன். எங்கள் மிஷினில் அதற்கு ஒரு வசதியும் கிடையாது.

முதல் படத்தில் தாடை வந்து மறைத்துவிட்டது. அடுத்ததில் தோள் மேலே ஏறிவிட்டது. வலியில் சுருளியால் திருப்பிய நிலையில் நிற்க முடியவில்லை. டாக்டர் இரண்டு பிலிமையும் ஓரம் மடக்கிக் கொடுத்தார். கொல்லையில் கிடந்த ஜீப்புப் பலகையை அறுத்து முக்கோணமாகச் சேர்த்து ஆணி அடித்து, மேலே போர்வையை மடித்துப் போட்டு, அதில் சுருளியைச் சாய்த்துப் படுக்க வைத்தேன். உடம்பு தானாகப் பாதி திரும்பி நின்றது. குழாயின் திருகைத் தளர்த்திச் சாய்த்தேன்.

அப்போது பார்த்துக் கரண்டு இறங்கிவிட்டது. பக்கத்து ரைஸ் மில் ஓடினால் எங்கள் மிஷினுக்குப் பலம் வராது. ஜெனரேட்டர் அன்றைக்கென்று பழுதாகிக் கிடந்தது. மில்லுக்கு ஓடினேன்.

"அண்ணே, மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏண்டா, ஒங்க ஆசுபத்திரியில எலும்பு தெரியணும்னா எங்க மில்லுல உமி பறக்கக் கூடாதா?"

"ஒரு மூச்சு நேரந்தாண்ணே. ஒருத்தன் குடும்பம் பிரியப் போகுது."

"அதுக்கும் எக்ஸ்ரே எடுக்கிறியா நீ?" என்று சிரித்துக்கொண்டே நிறுத்தினார். வெரசாக ஓடிவந்து, "மூச்சைப் பிடி சுருளி" என்று சொல்லி எடுத்தேன்.

இருட்டறையில் சிவப்பு விளக்கில் படம் மேலே வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒன்றின்கீழ் ஒன்றாகச் சன்னல்கள். மேலே இருந்தவை முட்டை வடிவில் நன்றாகத் திறந்திருந்தன. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் எலும்பு முள் வளர்ந்து, சாவித் துவாரம் மாதிரிச் சுருங்கி இருந்தது. அன்று என்னைத் தவிர இந்த மலையடிவாரத்தில் வேறு யாரும் அதை எடுத்திருக்க முடியாது. மார் தட்டுகிறேன் என்று சொல்லுங்கள், தட்டத்தான் செய்வேன்.

டாக்டர் தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார். "ம்" என்றார்.

ராவுத்தர் விடவில்லை. "சரிங்கய்யா, அது இல்லை. சந்தோசம். ஆனா இது எவ்வளவு? மறுபடி சுமை தூக்குவானா, மாட்டானா? கத்தி வைக்கணுமா? மேல கேட்பாங்களே."

டாக்டர் இங்கிலீஷ் வார்த்தையாக ஏதோ சொன்னார். ராவுத்தர் தலையாட்டினார், முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. பேச்சியின் அண்ணன், "கழுத்துல ஓட்டையாம், அதுல நரம்பாம். யாரு கண்டா? எந்தங்கச்சியை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று எழுந்துவிட்டான். பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஏலக்காய்க் குடோனில் சலித்து வளர்ந்தவன். போடிக்காரன் காயைக் கண்ணால் தரம் பிரிக்கமாட்டான், சல்லடையால் பிரிப்பான். நேரே தெருக்கோடிக் குடோனுக்குப் போய் நாலு சல்லடையும் ஒரு பிடி காயும் வாங்கிவந்தேன். ராவுத்தர் முன்னால் வைத்தேன்.

"இந்தக் காய்தான் நரம்பு. சல்லடை ஓட்டைதான் கழுத்து ஓட்டை. பாருங்க ராவுத்தரய்யா."

ஒரே காயை முதல் சல்லடையில் போட்டேன், தடையில்லாமல் விழுந்தது. அடுத்ததில் தட்டினேன், உரசிக்கொண்டு விழுந்தது. மூன்றாவதில் பாதி இறங்கிச் சிக்கிக்கொண்டது. நாலாவதில் மேலேயே நின்றது.

"விழும், உரசும், சிக்கும், நிக்கும். மனுசன் கழுத்து ஒவ்வொண்ணும் ஒரு அளவு. அதனால அவன் கழுத்துல இருக்கிற நல்ல ஓட்டையே அவனுக்கு அளவு. மேல இருக்கிற ஓட்டையைப் பாருங்க, மொத சல்லடை. கீழ இதைப் பாருங்க."

படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ராவுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பேச்சியின் அண்ணனும் அவரை இடித்துக்கொண்டு வந்து பார்த்தான்.

"சிக்குது" என்றார் ராவுத்தர்.

"மூணாஞ் சல்லடை" என்றான் அண்ணன். அவனும் சீசனில் குடோனுக்குச் சலிக்க வருகிறவன்தான்.

டாக்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "வீரணா, படத்துல ஓட்டைதான் தெரியுது. நரம்பு தெரியாது. ஓட்டை சுருங்கியும் நரம்பு தப்பிச்சிருந்தா?"

"அதுக்குத்தான சார் நீங்க தலையை அமுக்கிப் பார்த்தீங்க? அமுக்குனா கத்துறான், படத்துல சிக்குது. ரெண்டும் ஒண்ணைத்தான சொல்லுது?"

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி ஒரு "ம்".

அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் கழுத்துப் படம் எல்லாவற்றுக்கும் இந்த நாலு தரம்தான். விழும், உரசும் என்றால் வைத்தியம் இங்கேயே. சிக்கும் என்றால் தலைச்சுமை நிரந்தரமாகக் கூடாது, கழுத்துப் பட்டை, இழுவை வைத்தியம். நிற்கும் என்றால் ஆபரேஷனுக்கு மதுரைக்கு. எண்பதுகள் பூராவும் மலையிலிருந்து ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் வந்தார்கள். விறகு சுமந்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், குனிந்தே காய் பொறுக்கிய பெண்கள். "எனக்கு எத்தனாஞ் சல்லடை?" என்று அவர்களே கேட்டார்கள்.

சுருளிக்குக் கழுத்துப் பட்டை போட்டு, தலைச்சுமையை நிறுத்தி, பொதிக்குதிரை ஓட்டும் சோலி கொடுத்தார் ராவுத்தர். விரலில் உணர்ச்சி முழுசாக வரவில்லை, வலி போய்விட்டது. பேச்சி அவனோடுதான் மலை ஏறினாள். அண்ணன் துணிமூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறியதை நான் பார்த்தேன். அடுத்துப் பிறந்த பையனுக்குச் சுருளி பெரிய டாக்டரின் பெயரை வைத்தான். அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

அதைவிடப் பெரியது இது. சில வருசம் கழித்து மதுரையில் டாக்டர்கள் கூட்டம். பெரிய டாக்டர் கழுத்துப் படங்களைப் பற்றிப் பேசப்போனார். படங்களைச் சுமந்துகொண்டு நானும் போனேன், விளக்குப் பெட்டியில் மாட்டுவதற்கு. சுருளியின் படத்தை மாட்டினேன். அவர், "நான் இதை நாலு தரமா பிரிச்சிருக்கேன்" என்றார். ஏலக்காயும் சொன்னார், சல்லடையும் சொன்னார், கூட்டம் ரசித்துச் சிரித்துக் கை தட்டியது. விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவனை ஒருவரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில், உசிலம்பட்டி தாண்டும்வரை பொறுத்தேன். பிறகு கேட்டுவிட்டேன்.

"சார், சல்லடை நான் கொண்டாந்தது."

"ஆமா."

"பிரிச்சதும் நான்."

"ஆமாய்யா. அதுக்கென்ன? கல்யாணப் போட்டோவுல மாப்பிள்ளை பொண்ணு இருப்பாங்க. போட்டோகிராபர் இருப்பானா?"

"போட்டோவுக்குப் பின்னாடி ஸ்டூடியோ சீல் இருக்கும் சார்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கித் தலைகீழாகப் பார்த்தார். நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. எனக்குச் சோறு போட்ட இடம், எனக்குத் தொழில் கொடுத்த மனுசன். ஆனால் வாயை மூடினேன் என்பதற்காக விட்டுக்கொடுத்தேன் என்று அர்த்தமில்லை.

இன்று ஸ்கேன் அறை வாசலில் அவர் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. அடியில் பொன்னெழுத்தில், "கழுத்து நரம்பு அடைப்பை இப்பகுதியில் முதன்முதலாக நான்கு நிலைகளாகத் தரம் பிரித்த மேதை" என்று இருக்கிறது. நான் அதற்குக் கீழேயே நின்று காபி குடித்தேன்.

சின்ன டாக்டர் அவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் அப்பா நோயைக் கண்டுபிடித்தார். தலையில் வைத்த கையை அபசகுனம் என்று ஊரே தட்டிவிட்டபோது, அது வைத்தியம் என்று கண்டவர் அவர். அதை எழுதுங்கள், அதற்கு அவருக்கு மாலை போடுங்கள், நானும் ஒரு மாலை வாங்கி வருகிறேன். வெளிநாட்டில் இந்த முறையை யார் எப்போது வகுத்தார்களோ, அவர்களோடும் எனக்கு வழக்கில்லை. புது மிஷின் நரம்பையே காட்டுகிறது, என் படம் துவாரத்தைத்தான் காட்டியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போடியில் அந்தத் துவாரத்தைப் படத்தில் திறந்தவனும் நாலாகப் பிரித்தவனும் நான். பேச்சி பிள்ளைகளோடு மலை ஏறியது அந்தப் பிரிப்பினால்.

பொன்னெழுத்தை அழிக்கச் சொல்லவில்லை. "மேதை" என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இன்னொரு வரி சேருங்கள்: "படமெடுத்துத் தரம் பிரித்தவர், எக்ஸ்ரே வீரணன்." நான் போன பிறகு நினைவாக எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். நானே வந்து நின்று, ஒரு எழுத்து குறையாமல் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.